கேத்தரின் வீட்டு விவகாரம்: 'ஹேப்பி வேலி' தொடரும் அதன் மனிதர்களும்

குற்றத் தொடர் என்றாலே கொலையாளி யார் என்ற கேள்வியைக் கடைசி எபிசோட் வரை இழுத்துக்கொண்டு போவதுதான் வழக்கம். பிபிசி ஒன் அலைவரிசையில் வெளிவந்த 'ஹேப்பி வேலி' பெரும்பாலும் அந்த வழியில் போவதில்லை. ஆளைக் கடத்தியவர் யார், கடத்தச் சொல்லி வழி காட்டியவர் யார் என்பதெல்லாம் பார்ப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் நம்மைப் பிடித்து வைத்திருப்பது ஒரு வீடு. ஒரு போலீஸ் சார்ஜென்ட், அவருடைய தங்கை, இறந்துபோன மகள் விட்டுச்சென்ற பேரன் ஆகிய மூவரும் அந்த வீட்டில் ஒன்றாக வாழ்கிறார்கள். அவர்களுக்குள் எது சொல்லப்படுகிறது, எது மறைக்கப்படுகிறது, மறைத்தது வெளியே வரும்போது யாருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் 18 எபிசோடுகளும் விசாரிக்கின்றன என்பது என் கருத்து. மூன்று சீசன்களின் முடிவுகளையும் தொடாமல் இந்த மனிதர்களைப் பற்றி எழுத முடியாது. ஆகவே இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள், பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

சாலி வெயின்ரைட் எழுதிய இந்தத் தொடரின் முதல் சீசன் 2014-லும், இரண்டாவது 2016-லும், மூன்றாவதும் கடைசியுமான சீசன் 2023-லும் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஆறு எபிசோடுகள். கதை நடக்கும் இடம் இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில் உள்ள கால்டர் பள்ளத்தாக்கு. கருத்துப்போன கல் வீடுகள், ஊருக்கு நடுவே ஓடும் கால்வாய், நிமிர்ந்து பார்த்தால் எந்தப் பக்கமும் மேட்டு நிலப் புல்வெளி என்று அமைந்த நிலம் அது. வெயின்ரைட் அதே பள்ளத்தாக்கின் சவர்பி பிரிட்ஜ் ஊரில் வளர்ந்தவர் என்பதால், ஒருவரை ஒருவர் அறிந்தே இருக்கும் சிற்றூர் வாழ்க்கையின் பின்னல் அவருக்குத் தானாகவே கைவருகிறது. கடத்தப்பட்ட பெண்ணின் தாயும் விசாரிக்கும் போலீஸ்காரரின் தங்கையும் ஒரே தொண்டு நிலையத்தில் வேலை செய்கிறார்கள் என்பது இங்கே எழுத்தாளர் வலிந்து சேர்த்த தற்செயலாகத் தோன்றுவதில்லை. அந்த ஊரில் வேறு எப்படி இருக்க முடியும் என்றே தோன்றுகிறது.

முதல் காட்சியிலேயே கேத்தரின் கேவுட் யார் என்பது முழுவதுமாகத் தெரிந்துவிடுகிறது. சிறுவர் விளையாட்டுத் திடலில் ஓர் இளைஞன் உடம்பெல்லாம் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு, கையில் லைட்டருடன் உட்கார்ந்திருக்கிறான். கேத்தரின் ஒரு தீயணைப்பு உருளையைத் தூக்கிக்கொண்டு, கண்ணுக்குக் குளிர்கண்ணாடியும் மாட்டிக்கொண்டு அவனிடம் போகிறார். அறிவுரை எதுவும் சொல்லாமல் தன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்குகிறார். தனக்கு 47 வயது, விவாகரத்து ஆகிவிட்டது, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டுவரும் தங்கையோடு வாழ்கிறேன், வளர்ந்த பிள்ளைகள் இருவரில் ஒருத்தி இறந்துவிட்டாள், இன்னொருவன் என்னோடு பேசுவதில்லை, ஒரு பேரன் இருக்கிறான் என்று கடை கணக்கு ஒப்பிப்பதைப் போலச் சொல்லி முடிக்கிறார். ஒரு கதாபாத்திரத்தின் முன்கதையைப் பார்ப்பவரிடம் சேர்ப்பதற்கு எழுத்தாளர்கள் படும் பாடு கொஞ்சமல்ல. இங்கே அந்த முன்கதை முழுவதும், ஓர் உயிரைக் காப்பாற்றுவதற்காக ஒரு போலீஸ்காரர் கையிலெடுக்கும் கருவியாகவே வந்துவிடுகிறது. அதோடு, தன் துயரத்தை வேலைக்குப் பயன்படுத்தத் தெரிந்த இந்தப் பெண்ணுக்கு வீட்டுக்குள் அதைப் பற்றிப் பேசத் தெரியாது என்ற செய்தியும் அந்தக் காட்சியின் அடியில் கிடக்கிறது.

மகள் பெக்கி பாலியல் வன்முறைக்கு ஆளாகி, அதனால் பிறந்த குழந்தையை விட்டுவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவள். அந்தக் குழந்தை ரயானை வளர்ப்பது என்று கேத்தரின் எடுத்த முடிவை அவருடைய கணவர் ரிச்சர்டால் ஏற்க முடியவில்லை. மகன் டேனியலும் விலகிப் போனான். துப்பறியும் பிரிவில் இருந்த பதவியை விட்டுவிட்டுச் சீருடைச் சார்ஜென்டாகத் தெருவுக்கு வந்துவிட்ட கேத்தரினுக்குத் துணையாக நின்றவர் தங்கை க்ளேர் ஒருவர்தான். ஒரு குழந்தையை ஏற்றுக்கொண்டதற்காக ஒரு குடும்பமே உடைந்த கதை இது. அந்தக் குழந்தையின் மீது கேத்தரினுக்கு இருப்பது கலப்பற்ற பாசம் மட்டுமல்ல என்பதை வெயின்ரைட் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். பள்ளியில் ரயான் கோபப்பட்டுச் செய்யும் ஒவ்வொரு குறும்பிலும் அவன் தந்தையின் நிழலை அவர் தேடுகிறார். பாட்டியின் கண்ணில் தெரியும் அந்தத் தேடலைப் பேரனும் வளர வளர உணர்ந்துகொள்கிறான். 'கெட்ட ரத்தம்' என்ற அச்சத்தை வசனமாக்கி விவாதிக்காமல், ஒரு பாட்டி தன் பேரனைப் பார்க்கும் பார்வையிலேயே வைத்துவிட்டதுதான் இந்தத் தொடரின் பெரிய சாதனை. இரண்டாம் சீசன் முடியும் இடத்தில், மேட்டு நிலத்தில் எல்லோரும் நடந்துகொண்டிருக்க, முன்னே போகும் ரயானைப் பார்க்கும் கேத்தரினின் முகத்தில் சாரா லாங்கஷயர் கொண்டுவரும் கலக்கத்துக்கு ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை.

முதல் சீசனின் குற்றம் ஒரு சம்பள உயர்வில் தொடங்குகிறது. கணக்காளர் கெவின் வெதரில், மகளைத் தனியார் பள்ளியில் சேர்ப்பதற்காக முதலாளி நெவிசன் காலகரிடம் கூடுதல் சம்பளம் கேட்கிறார், அவர் மறுத்துவிடுகிறார். அந்த அவமானத்தில் கெவின், முதலாளியின் மகள் ஆன் என்பவரைக் கடத்தலாம் என்ற யோசனையைப் போதைப்பொருள் வியாபாரம் செய்யும் ஒருவரிடம் கொண்டுபோய்க் கொடுக்கிறார். பிறகு முதலாளி மனம் மாறி உதவ முன்வரும்போது காரியம் கைமீறிப் போயிருக்கிறது. ஸ்டீவ் பெம்பர்டன் நடித்த இந்தக் கெவினை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு கட்டத்திலும் உண்மையைச் சொல்லிவிட அவருக்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பழியைப் போட வேறோர் ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறார். கதாபாத்திர வளர்ச்சி என்றால் திருந்துவது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஒருவர் திருந்தாமலேயே, தன்னைப் பற்றித் தான் சொல்லிக்கொள்ளும் பொய்யில் படிப்படியாக இறங்கிப் போவதும் வளர்ச்சிதான் என்பதற்குக் கெவின் நல்ல சான்று.

அதற்கு நேர் எதிர்த் திசையில் வளர்பவர் ஆன். நிலவறையில் அடைபட்டுச் சித்திரவதை அனுபவித்த பெண், தன்னைத் தேடி வந்த கேத்தரின் அடிபட்டுச் சாகக் கிடக்கும்போது அவரைக் காப்பாற்றுகிறார். காப்பாற்ற வந்தவரும் காப்பாற்றப்பட வேண்டியவரும் இடம் மாறும் அந்த நிமிடத்திலிருந்து இருவருக்கும் இடையில் உருவாகும் உறவைத் தொடர் பொறுமையாக வளர்க்கிறது. அடுத்த சீசனில் ஆன் போலீஸ் சீருடையில் இருக்கிறார். மூன்றாவதில் துப்பறியும் பிரிவில் வேலை பார்க்கிறார். டேனியலின் துணையாகக் கேத்தரின் குடும்பத்துக்குள்ளும் வந்துவிடுகிறார். ஆனால் அவர் முழுவதும் தேறிவிட்டார் என்று எந்த இடத்திலும் சொல்லப்படவில்லை. குடித்துவிட்டு உடையும் இரவுகளும் அவருக்கு இருக்கின்றன.

முதல் சீசனின் வன்முறை குறித்துப் பிரிட்டனில் வெளிவந்த காலத்திலேயே விவாதம் எழுந்தது. இளம் போலீஸ்காரர் கிர்ஸ்டன் கொல்லப்படும் காட்சியும் நிலவறைக் காட்சியும் பார்க்கக் கடினமானவை என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த அடிகள் அடுத்த எபிசோடிலேயே ஆறிப்போவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கிர்ஸ்டனின் சாவில் தனக்கும் பங்கு உண்டோ என்ற குற்றவுணர்வு கேத்தரினைத் தின்கிறது. உடல் தேறி வீட்டுக்கு வந்த பிறகும் அவர் மனச்சோர்வில் விழுந்து கிடக்கிறார். அருகில் இருப்பவர்களைச் சொற்களால் காயப்படுத்துகிறார். வீரம் மிக்க பெண் போலீஸ் என்று கைதட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாதபடி, அந்த வீரத்துக்கு வீட்டில் இருப்பவர்கள் கொடுக்கும் விலையும் கணக்கில் சேர்க்கப்படுகிறது.

ரயானின் தந்தை டாமி லீ ராய்ஸ். ஆன் கடத்தலில் பங்கு கொண்டவனும் அவன்தான். ஜேம்ஸ் நார்ட்டன் இந்தப் பாத்திரத்தை ஏற்று நடித்த விதத்தில் ஓர் ஆபத்து இருந்தது: பார்க்க அழகான ஆள், மென்மையாகப் பேசத் தெரிந்தவன், தனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்று தெரிந்ததும் உருகுகிறவன். அவன் மீது நமக்கு இரக்கம் வந்துவிடுமோ என்ற பயம் எழுகிறது. சில நிமிடங்களில் வரவும் செய்கிறது. வெயின்ரைட் அந்த இரக்கத்தைத் தடுக்கவில்லை, அதை நம்பவும் விடவில்லை. மகன் மீது அவனுக்கு வந்த பாசம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பாசத்திலும் ரயான் ஒரு தனி மனிதனாக இல்லாமல் அவனுக்குச் சொந்தமான பொருளாகவே இருக்கிறான். முதல் சீசனின் இறுதியில், கால்வாய்ப் படகுக்குள் மகன் மீதே பெட்ரோலை ஊற்றுவதில் அது வெளிப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் சீசனில் டாமி சிறையில் இருக்கிறான். அவன் மீது மையல் கொண்ட ஃபிரான்சிஸ் டிரம்மண்ட் என்ற பெண், பொய்ப் பெயரில் ரயானின் பள்ளியில் உதவியாளராகச் சேர்ந்து, தந்தையைப் பற்றி நல்ல வார்த்தைகளை அந்தப் பையனின் காதில் போடுகிறார். ஷர்லி ஹெண்டர்சன் அவரை அரக்கியாக நடிக்கவில்லை. தான் செய்வது நன்மை என்று முழுமனதோடு நம்புகிற, தனிமையில் வாடும் ஒருவராகவே நடித்திருக்கிறார். அதனால்தான் அச்சம் கூடுகிறது. அதே சீசனில், கொலைகளை விசாரிக்கும் குழுவில் இருந்துகொண்டே தன்னை மிரட்டிய பெண்ணைக் கொன்றுவிட்ட துப்பறிவாளர் ஜான் வாட்ஸ்வொர்த்தின் கதையும் நடக்கிறது. பாலத்தின் விளிம்பில் ஜான் நிற்க, கேத்தரின் அவரோடு பேசிக்கொண்டே நிற்கும் காட்சியில், தற்கொலைக்கு முயல்பவரிடம் எப்படிப் பேச வேண்டும் என்ற பயிற்சியைப் பெற்றவர் ஜான்தான், கேத்தரின் அல்ல என்பது தெரியவருகிறது. குதிக்கப் போகிறவரே தன்னைத் தடுக்க வந்தவருக்கு வழி சொல்லித் தருகிறார். ஜானாக நடித்த கெவின் டாய்லும் லாங்கஷயரும் அதைக் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் செய்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சீசனில் என்னை அதிகம் பாதித்தவர் பண்ணைப் பெண் ஆலிசன் கார்ஸ். தன் மகன்தான் கொலைகாரன் என்று தெரிந்ததும் அவனைத் தன் கையாலேயே சுட்டுவிட்டுத் தானும் சாக முயன்ற அந்தத் தாயைக் கேத்தரின் உயிரோடு மீட்கிறார். பிறகு தரையில் உட்கார்ந்து, அவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கைது செய்யும்போது சட்டப்படி சொல்ல வேண்டிய வாசகங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். சட்டத்தின் சொற்கள் ஆறுதலின் குரலில் ஒலிக்கின்றன. ஒரு பெற்றோராகத் தன் பிள்ளை யாராக ஆகிவிடுமோ என்று தினமும் அஞ்சுகிற கேத்தரின், அந்த அச்சம் நிறைவேறிவிட்ட ஒருவரைத் தழுவிக்கொண்டிருக்கிறார் என்பதை நினைத்தால், துணைக்கதையாகத் தோன்றியது முதன்மைக் கதையோடு எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பது புரியும்.

இரண்டாம் சீசனுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஏழு ஆண்டுகள். ரயானாக நடித்த ரீஸ் கானா என்ற சிறுவன் நிஜமாகவே வளர்ந்து வரும்வரை காத்திருந்து, 16 வயது ரயானாகவும் அவரையே நடிக்க வைத்தார்கள். எட்டு வயதில் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்ற பிள்ளை, பாட்டியைவிட உயரமான இளைஞனாக வாசலில் வந்து நிற்பதைப் பார்க்கும்போது கிடைக்கும் நம்பகத்தன்மையை எந்த ஒப்பனையாலும் கொடுத்திருக்க முடியாது. தன் தந்தை யார் என்பதைத் தானே தெரிந்துகொள்ள விரும்பும் வயது அவனுக்கு வந்துவிட்டது. க்ளேரும் அவருடைய துணைவர் நீலும் அவனைச் சிறைக்கு அழைத்துக்கொண்டு போய் டாமியைச் சந்திக்க வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கேத்தரினுக்கு மட்டும் தெரியாது.

இது வெளிப்படும் ஷெஃபீல்டு உணவகக் காட்சி, தொடர் முழுவதிலும் ஆகச் சிறந்தது என்பேன். தங்கை உள்ளே மேசையில் உட்கார்ந்திருப்பதை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே கேத்தரின் அவரைத் தொலைபேசியில் அழைக்கிறார். எங்கே இருக்கிறாய் என்று சாதாரணமாகக் கேட்கிறார். க்ளேர் பொய் சொல்கிறார். அக்கா உள்ளே வந்து எதிர் நாற்காலியில் உட்காரும்போது க்ளேராக நடித்த ஷிவான் ஃபினரனின் முகம் வெளிறிப்போவது தெரிகிறது. அதற்குப் பிறகு நடப்பது சத்தம் போடும் சண்டையல்ல. அக்காவின் கேள்விகள் ஒவ்வொன்றாக வருகின்றன. தங்கையின் விளக்கங்கள் ஒவ்வொன்றாக உடைகின்றன. இதில் யார் பக்கம் நியாயம் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. பையன் தந்தையைப் பார்த்தே தீருவான், அப்படியென்றால் தனியாகப் போவதைவிடப் பெரியவர் ஒருவர் துணையோடு போவது மேல் என்ற க்ளேரின் வாதத்தில் அறிவு இருக்கிறது. ஆனால் தன் மகளின் சாவுக்குக் காரணமானவனிடம், தான் வளர்த்த பிள்ளையைத் தன் கூடப்பிறந்தவளே கொண்டுபோய் விட்டாள் என்ற கேத்தரினின் வலிக்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது. பல ஆண்டுகளாக ஒரே வீட்டில், பின்வாசல் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பேசிக்கொண்ட அக்காவும் தங்கையும் பேசாமல் போகும் அந்த வாரங்களைப் பார்ப்பது, எந்தக் கொலைக் காட்சியைப் பார்ப்பதையும்விடக் கடினமாக இருக்கிறது. க்ளேர் போதையிலும் குடியிலும் விழுந்தபோதெல்லாம் தூக்கிவிட்டவர் அக்கா; எனவே அவர்களின் உறவில் அக்கா எப்போதும் மேலேயே இருந்தார். தங்கை தானாக ஒரு முடிவெடுத்தது இதுவே முதல் முறை என்பதும், அதுவே இவ்வளவு பெரிய பிளவாக முடிந்தது என்பதும் ஆழமாகச் சிந்தித்து எழுதப்பட்டவை.

இறுதி எபிசோடில் தப்பியோடிய டாமி, காயத்தோடு கேத்தரினின் சமையலறைக்கு வந்து சேர்கிறான். பெரும் துரத்தலோ துப்பாக்கிச் சண்டையோ இல்லை. ஒரு மேசை, இரண்டு பேர், நீண்ட உரையாடல். வீட்டில் இருந்த புகைப்பட ஆல்பங்களை அவன் புரட்டியிருக்கிறான். மகனுக்குக் கிடைத்த வாழ்க்கையை அதில் பார்த்துவிட்டு, கேத்தரினை மன்னிப்பதாகச் சொல்கிறான்! யார் யாரை மன்னிப்பது என்ற கேள்வி நம் தொண்டையில் நிற்கும்போதே, கேத்தரின் பல ஆண்டுகளாகச் சொல்ல நினைத்ததையெல்லாம் அவன் முகத்துக்கு நேராகச் சொல்லி முடிக்கிறார். பிறகு அவன் தன் மீது பெட்ரோலை ஊற்றித் தீ வைத்துக்கொள்கிறான். திடலில் ஓர் அந்நியனைத் தீயிலிருந்து காப்பாற்றப் போன கேத்தரின், இங்கே தான் உலகிலேயே அதிகம் வெறுக்கும் மனிதன் மீதும் கைக்குக் கிடைத்த போர்வையை வீசித் தீயை அணைக்கிறார். அது தங்கை பின்னிய போர்வை. க்ளேருக்குப் போன் செய்து நடந்ததைச் சொல்லும்போது, உன் போர்வை ஒன்று கொஞ்சம் கருகிவிட்டது என்றும் சேர்த்துச் சொல்கிறார். சகோதரிகளுக்குள் நடந்த சமாதானத்துக்கு அந்த ஒரு வரி போதுமானதாக இருக்கிறது. இந்தச் சமையலறைக் காட்சி பிரிட்டனின் 2024 பாஃப்டா தொலைக்காட்சி விருது விழாவில் மறக்க முடியாத தருணத்துக்கான விருதைப் பெற்றது; லாங்கஷயருக்குச் சிறந்த நடிகை விருதும் கிடைத்தது. இரண்டும் தகுதியானவை.

அதைவிட முக்கியமான முடிவு ரயானுடையது. தப்பியோடிய தந்தை தன்னைத் தொடர்புகொண்டு உடன் வரச் சொன்னதை, யாரும் வற்புறுத்தாமல், அவனே போலீஸாரிடம் சொல்லிவிடுகிறான். பாட்டி பதினாறு ஆண்டுகள் பயந்த பரீட்சையை, பாட்டி அருகில் இல்லாத நேரத்தில் அவன் தானாகத் தேறிவிடுகிறான். க்ளேரின் முடிவு சரியா தவறா என்ற வழக்குக்கு இதைவிட நேர்மையான சாட்சியம் வேறு இல்லை: தந்தையைச் சந்தித்திருக்காவிட்டால், அவனை எடைபோடும் வாய்ப்பே ரயானுக்குக் கிடைத்திருக்காது.

மூன்றாம் சீசனில் எனக்கு ஒரு பெரிய மனக்குறை உண்டு. மனைவியைக் கொடுமைப்படுத்தும் உடற்கல்வி ஆசிரியர் ராப் ஹெப்வொர்த், அவர் மனைவி ஜோவன்னா, அந்தப் பெண்ணுக்குச் சட்டவிரோதமாக மாத்திரை விற்று, கடைசியில் கொலைகாரராகிவிடும் மருந்துக்கடைக்காரர் ஃபைசல் பட்டி ஆகியோரின் கதை நான்கு எபிசோடுகள் வரை நன்றாக வளர்ந்து, கடைசியில் அவசரமாக முடித்துவைக்கப்படுகிறது. கெவினுக்கும் ஜான் வாட்ஸ்வொர்த்துக்கும் அவரவர் முடிவைச் சந்திக்கும் காட்சிகள் கிடைத்தன. ஃபைசலுக்கு அது கிடைக்கவில்லை. ஜோவன்னாவும், கணவனின் கட்டுப்பாட்டில் நசுங்கிய பெண் என்ற அளவுக்கு மேல் நமக்குத் தெரியாமலேயே கதையை விட்டுப் போய்விடுகிறார். ஆலிசனுக்குக் காட்டிய அக்கறையில் பாதியை அவருக்கும் காட்டியிருக்கலாம். டாமியோடு தொடர்புள்ள கும்பலின் ஆட்களும் மிரட்டுவதற்காக வந்துபோகிறவர்களாகவே நின்றுவிடுகிறார்கள்.

இந்தத் தொடரை மூன்றாம் சீசனிலிருந்து தொடங்கக் கூடாது. உணவகத்தில் க்ளேர் சொல்லும் பொய்யின் எடை, முதல் இரண்டு சீசன்களையும் பார்த்தவருக்கு மட்டுமே தெரியும். யார்க்‌ஷயர் பேச்சு, ஆங்கிலம் நன்கு அறிந்தவர்களையும் தடுமாற வைக்கும் என்பதால் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது. வேகமாகப் பேசி முடிக்கும் வாக்கியங்களின் வாலில்தான் முக்கியமான செய்திகள் வந்து விழுகின்றன. வன்முறை, பாலியல் குற்றம், தற்கொலை ஆகியவற்றைத் தாங்க முடியாத மனநிலையில் இருப்பவர்கள் முதல் சீசனின் நடு எபிசோடுகளைத் தனியாகப் பார்க்க வேண்டாம். மற்றவர்கள் ஒரே மூச்சில் பார்த்து முடிக்காமல், சீசனுக்குச் சீசன் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பார்க்கலாம். ரயான் வளர்ந்திருப்பது அப்போது இன்னும் நன்றாக உறைக்கும்.